நரிக்கு எந்தத் தோட்டா

நரி ஓடிவந்து வலையில விழலை. அதுவா நடந்து வந்து வலைக்குள்ள நின்னுச்சு.

பொங்கல் கழிஞ்ச கையோட, வெயில் நல்லா ஏறின பொழுது. சித்தேரி மலைக்குக் கீழே, எங்க ஊருக்கு மேற்கால இருக்குற கரட்டுல ஒரு பக்கம் பூரா வலை கட்டியிருந்தாங்க. இன்னொரு பக்கத்துலேருந்து ஆம்பளைங்க தப்பட்டையை அடிச்சுக்கிட்டு, தொண்டை கிழியக் கத்திக்கிட்டு, தடியால புதரைத் தட்டிக்கிட்டு வந்தாங்க. அப்படி விரட்டினா, பதுங்கியிருக்குற நரி வெருண்டு ஓடிவந்து வலையில மாட்டும். வழக்கமா அப்படித்தான் நடக்கும்.

இது வெருளவே இல்லை. மேய்ச்சலுக்குப் போன மாடு வூடு திரும்புற மாதிரி வந்துச்சு. பின்னங்கால் ஒண்ணு லேசா இழுபட்டுச்சு. அத்தனை தப்பட்டைச் சத்தமும் அது காதுல விழுந்த மாதிரியே தெரியலை.

"பாருங்கடா, தானா வருது! ஆத்தா அனுப்பி வச்சிருக்கா!"ன்னு யாரோ கத்தினாங்க. அவ்வளவுதான், கூட்டம் பூராவும் சாமி வந்த மாதிரி ஆடிச்சு.

வலைக்குப் பெரியவன் வேடியப்பன். என் தங்கச்சி மாதம்மாளைக் கட்டினவன். வாட்டசாட்டமான ஆளு, பயம்னா என்னன்னு தெரியாது. அவன்கிட்ட எனக்குப் புடிச்சதும் அதுதான், புடிக்காததும் அதுதான். நரி வாயைக் கட்டக் கயித்தோட குனிஞ்சான். அது அவன் கையைக் கவ்விருச்சு, மணிக்கட்டுக்கு மேல. ரத்தம் சொட்டுற கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டுச் சிரிச்சான். "முத்தம் குடுத்துருச்சு மச்சான்!"ன்னான். பொம்பளைங்க ஓடியாந்து மஞ்சளும் குங்குமமும் குழைச்சு அந்தக் கடிவாய்ல அப்பினாங்க.

நரியோட வாயோரம் நூல்நூலா எச்சில் தொங்கினதை நான் பாத்துட்டேன்.

முகம் பாக்குற வழக்கம்

வெளியூர்க்காரங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும், அதனால சொல்லிடறேன். எங்க பக்கம் சில ஊர்ல பொங்கல் வந்தா நரியை உசுரோட புடிக்கணும். வாயைக் கட்டி, மாரியம்மன் கோயிலைச் சுத்தித் தூக்கிக்கிட்டு வந்து, குஞ்சு குளுவானிலேருந்து கோல் ஊனுறவங்க வரைக்கும் எல்லாரும் அதோட முகத்தைப் பாக்கணும். அப்புறம் கட்டை அவுத்துத் தரிசுக் காட்டுப் பக்கம் வுட்டுடணும். அடிக்கக் கூடாது. அது நல்லபடியா ஓடிப்போனா மழை வரும், விதையை எடுக்கலாம்.

இதுக்குன்னு புடிக்கிறது வங்கா நரி. வங்குல, அதாவது மண்ணுப் பொந்துல குடியிருக்கும், பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, சாது. அந்த வருசம் சிக்கினது அது இல்லை. ஆட்டுக்குட்டி தூக்குற பெரிய நரி. அதைக்கூட யாரும் யோசிக்கலை. ஏன்னா அதுக்கு முந்தின வருசம் நரியே சிக்கலை, மழையும் பொய்ச்சுப்போச்சு. களத்துல குருவி பொறுக்கக்கூட மணி கிடையாது. சோளக் கூழைத் தண்ணியா கரைச்சுக் குடிச்சு நாளை ஓட்டினவங்க எங்க சனங்க. தானா நடந்து வந்த நரியைப் பாத்துக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

"எந்தத் தோட்டாங்க போடுவீங்க?"

போன வாரம் இந்தப் பத்திரிகையில துப்பாக்கி லைசென்சு கதையை எழுதினாலும் எழுதினேன், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு வாசகர் என்னை மடக்கிட்டார். "நரிக்கு எந்தத் தோட்டாங்க போடுவீங்க? எந்தக் குழல்ல போடுவீங்க?"ன்னு கேட்டார். பஸ் கிளம்பற நேரம். "அடுத்த வாரம் எழுதறேங்க"ன்னு தப்பிச்சேன். சொன்ன வாக்குக்காக எழுதறேன். நரிக் கதையை நடுவுல வுட்டுட்டுப் போறானேன்னு நெனைக்காதீங்க, இது தெரியாம அது வெளங்காது.

எங்கப்பா வச்சிருந்தது பன்னெண்டு போர் ரெட்டைக்குழல். பயிர்ப் பாதுகாப்புக்குன்னு சர்க்கார் லைசென்சு குடுத்தது, அவருக்கப்புறம் என் கைக்கு வந்துச்சு. பாக்க ரெண்டு குழலும் ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற புத்தி. வலது குழல் நேரா, அகலமா இருக்கும். இடது குழலோட வாய் மட்டும் மயிரிழை சுருங்கியிருக்கும். இதைத்தான் சோக்குன்னு சொல்லுவாங்க. வெத்தலை எச்சிலை வாயை அகட்டித் துப்பினா பக்கத்துலேயே சிதறி நம்ம வேட்டியிலேயே விழும். உதட்டைக் குவிச்சுத் துப்பினா ஒண்ணா சேர்ந்து தூரமா போகும். சோக்கும் அவ்வளவுதான். ரவையை, அதான் தோட்டாக்குள்ள இருக்குற ஈயக் குண்டுகளை, சேர்த்துப் புடிச்சு அனுப்பும்.

தோட்டா மூணு தினுசு கிடைக்கும். சேலத்துக் கடையில அதுக்கு இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் சொல்லுவாங்க. எங்க ஊர்ல தானியத்தை வச்சுப் பேரு. உள்ளே இருக்குற ரவை கொண்டக்கடலை அளவு இருந்தா கடலைத் தோட்டா. மொளகு அளவு இருந்தா மொளகுத் தோட்டா. கம்பு அளவு இருந்தா கம்புத் தோட்டா. கடலை பன்னிக்கு, கம்பு காடை கௌதாரிக்கு. நரிக்கு எதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. துப்பாக்கியைத் தொட்டே பாக்காதவன்தான் ரொம்பச் சத்தமா சொல்லுவான்.

எனக்கு இந்தப் பேச்செல்லாம் சலிச்சுப்போயி ஒருநாள் நானே பாத்துடறதுன்னு எறங்கினேன். வூட்டுல கெடந்த கோரைப்பாயைப் புளியமரத்துல தொங்கவிட்டு, கரித்துண்டால நரி ஒண்ணு வரைஞ்சேன். வரைஞ்சது பன்னியா கன்னுக்குட்டியான்னு தெரியாது, போகட்டும். சாதாரணமா நரி நமக்குக் குடுக்குற தூரத்துல நின்னு சுட்டேன்.

கடலை, நரியைச் சுத்தி நாலா பக்கமும் பாயைக் கிழிச்சுது. நரிக்கு வால்ல மட்டும் ஒரு ஓட்டை. உள்ள இருக்குறதே கொஞ்சம், அதுவும் ஒண்ணுக்கொண்ணு தூரமா போயிடுது. நரி நடுவுல நின்னு நம்மளைப் பாத்துச் சிரிக்கும். அதையே சோக்குக் குழல்ல வுட்டேன். சுருங்கின வாய்ல ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு இன்னும் கோணல்மாணலா போச்சு.

கம்பு, பாய் பூராவும் சல்லடையா பொரிஞ்சுச்சு. ஆனா அந்தத் தூரத்துல அதுக்குத் தெம்பு இல்லை. பாதி ரவை பாயிலேயே தங்கிப்போச்சு. நரி மேல பட்டா தோலோட நின்னுடும். அது போயி புதருக்குள்ள கெடந்து, புண்ணு புழுத்து, நாள் கணக்கா அவஸ்தைப்பட்டுச் சாகும். நான் அப்படி ஒண்ணைக் கண்ணால பாத்திருக்கேன். அதுக்கு அது நம்ம ஆட்டையே தின்னுட்டுப் போகலாம்.

மொளகை இடது குழல்ல போட்டுச் சுட்டேன். நரியோட நெஞ்சுல கை அகலத்துக்குள்ள அத்தனையும் தைச்சிருந்துச்சு. புளியமரத்துப் பட்டை வரைக்கும் போயிருந்துச்சு. ஆக, வாசகரே, நரிக்கு மொளகு. சோக்குக் குழல். பஸ் ஸ்டாண்டுல கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

சத்தம் கேட்டு என் வூட்டுக்காரி ஓடியாந்தா. பாயைப் பாத்தா, என்னைப் பாத்தா. "இனிமே அந்த நரி மேலேயே படுத்துக்குங்க"ன்னுட்டுப் போயிட்டா. அந்தக் கோவம் தீர ரொம்ப நாளாச்சு.

கூப்பிட்ட குரலுக்கு

இதெல்லாம் தெரிஞ்சதால எனக்கு என்ன லாபம்? தூக்கம் போச்சு, அதுதான் லாபம். பொழுது விடியறதுக்குள்ள வாசல்ல ஆளு நிக்கும். "துப்பாக்கிக்காரரே, வாங்க! கடலைக்காய்க் காட்டைப் பன்னி உழுதுட்டுப் போயிருக்குது." "துப்பாக்கிக்காரரே, பட்டியில குட்டியைக் காணோம்." எனக்குன்னு அப்பா அம்மா வச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு, அதையே ஊரு மறந்துபோச்சு. என் வயலுக்கு நான் தண்ணி கட்டப் போனா, "இந்தாளு இங்க என்ன பண்றாரு?"ன்னு பாப்பாங்க.

பனியில குந்திக் குந்தி முட்டி செத்துப்போச்சு. சுட்டா, "இன்னொண்ணு இருக்குது பாருங்க"ம்பாங்க. தப்பினா, "அவங்கப்பா இருந்தா இப்படியா?"ம்பாங்க. செத்த நரியை ஒவ்வொரு தடவையும் காலைப் புடிச்சு இழுத்துக் குழியில போடறதும் நான்தான். உசுரைக் கொல்றது ஒண்ணும் பழகிப்போற விசயம் இல்லைங்க. பழகிடுச்சுன்னு நாமதான் சொல்லிக்குவோம்.

அப்புறம் ரெண்டாம் உலக யுத்தம் வந்துச்சு. மண்ணெண்ணெய் இல்லை, துணி இல்லை, தோட்டா சுத்தமா இல்லை. சேலத்துக் கடைக்காரர் என்னைத் தூரத்துல பாத்தாலே கையை விரிச்சுடுவார். இருந்த மொளகை ஒவ்வொண்ணா கரைச்சுட்டேன். அந்தப் பொங்கலுக்கு என்கிட்ட மிஞ்சினது கடலை ஒண்ணு, கம்பு ரெண்டு.

அந்த ரெண்டு கம்புல ஒண்ணைப் பிரிச்சு, ரவையைக் கொட்டிட்டு, மருந்தையும் அடைப்பையும் மட்டும் வச்சு மூடினேன். அது சாமி வெடி. நரியை வுடற நேரத்துல ஆகாசத்தைப் பாத்து ஒரு வெடி வெடிக்கணும், அந்தச் சத்தத்துல நரி நிக்காம ஓடும். அன்னைக்கு என் வேலை அவ்வளவுதான். வலது குழல்ல சாமி வெடி, இடது குழல் காலி. மிச்ச ரெண்டு தோட்டாவும் மடியில இருந்துச்சு, வூட்டுல வச்சா பசங்க எடுத்துடுவாங்கன்னு.

தொப்பூர் வண்டிக்காரர்

அந்த எச்சிலைப் பாத்து நான் ஏன் பயந்தேன்னு சொல்லணும்.

அதுக்குப் பல வருசம் முன்னால, புளி ஏத்திக்கிட்டு நாங்க ரெண்டு மூணு வண்டி சேலத்துக்குப் போனோம். தொப்பூர்க் கணவாய்ல மாட்டை அவுத்துப் போட்டுட்டுச் சோறாக்கினோம். எங்களோட வந்த பக்கத்து வூட்டு வண்டிக்காரர் ஒருத்தர், நல்ல பாட்டுக்காரர், வழி பூராவும் பாடிக்கிட்டே வந்தவர், அன்னைக்குக் காலையிலிருந்து வாயைத் திறக்கலை. தண்ணிச் செம்பை நீட்டினேன். வாங்கினார். வாய்கிட்ட கொண்டு போனதும் கழுத்து வெட்டி வெட்டி இழுத்துச்சு. செம்பைத் தூக்கி எறிஞ்சுட்டார்.

"என்னண்ணா?"ன்னு கேட்டேன்.

"தெரியலைப்பா. தாகமா இருக்குது. தண்ணியைப் பாத்தாத்தான் பயமா இருக்குது"ன்னார்.

ரொம்ப நாளைக்கு முன்னால காட்டுல நரி ஒண்ணு கணுக்கால்ல பல்லு பதிச்சுதாம். சின்னக் கீறல். அவரே மறந்துபோயிருந்தார். அவரை வண்டியிலேயே படுக்கவச்சுத் திருப்பிக் கொண்டு வந்தோம். வூட்டுல ரெண்டு நாள்தான் இருந்தார். அவர் எப்படிச் செத்தார்னு நான் எழுத மாட்டேன். புத்தி கடைசி வரைக்கும் தெளிவா இருந்துச்சு, அதுதான் கொடுமை. "என்னைக் கட்டிப் போட்டுடுங்கப்பா, யாரையாவது கடிச்சுடப் போறேன்"ன்னு அவரே கெஞ்சினார்.

கோயில் முன்னால

நரி சிக்கின கையோட நேரா ஊர்க்கவுண்டர்கிட்ட போனேன். ஊருக்கு நல்லது கெட்டது பாக்குறவர், வயசானவர், என்மேல மரியாதை வச்சிருந்தவர்.

"இது வெறி நரிங்க. இதை அவுத்து வுடாதீங்க"ன்னேன்.

"என்ன சொல்றீங்க நீங்க?"

"தப்பட்டைக்குப் பயப்படலை, காலை இழுக்குது, வாயில எச்சில் ஒழுகுது. கூண்டுல போட்டு வச்சுப் பாருங்க. வெறின்னா கொஞ்ச நாள்ல தானா செத்துடும். நல்ல நரின்னா அப்புறமா வுடலாம்."

"போன வருசம் நரி சிக்கலை. ஊரு பட்ட பாட்டை நீங்களும் பாத்தீங்க. இந்த வருசம் ஆத்தா பாத்து அனுப்பி வச்சிருக்கா. நேரம் தவறினா விதை எடுக்க முடியாதுங்க. நரியைக் கூண்டுல வச்சா நான் சனங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்? உங்களுக்கு நரின்னாலே சுடத்தான் தோணும், பாவம், பழக்கம் அப்படி"ன்னார்.

வேடியப்பன்கிட்ட போனேன். "மாப்ளே, கையைக் கழுவு. சாம்பலைப் போட்டுத் தேய்ச்சுக் கழுவு. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா"ன்னேன்.

"அட போங்க மச்சான், நரி முகத்துல முழிக்கிறதுக்கே சனங்க தவம் கெடக்குது, என்னை அது கடிச்சே இருக்குது. இந்த வருசம் எனக்குத்தான் யோகம்!"ன்னு தோளைத் தட்டிட்டுப் போயிட்டான்.

கோயிலைச் சுத்திட்டு நரியைத் தரிசு ஓரமா எறக்கினாங்க. ஒரு பக்கம் உயரமான மண் வரப்பு. இன்னொரு பக்கம் கரும்பாறை, அது மேல பசங்க பூராவும் ஏறி நின்னுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல நரி ஓட வழி வுட்டு ரெண்டு பக்கமும் சனம். வேடியப்பன் வாய்க்கட்டை அவுத்தான். நான் வேற வழியில்லாம ஆகாசத்தைப் பாத்துச் சாமி வெடியை வெடிச்சேன். எல்லாரும் ஓன்னு கத்தினாங்க.

நரி ஓடலை. நின்ன எடத்துலேயே ஆடிச்சு. அப்புறம் திரும்பி, காட்டுக்குப் போற வழியை வுட்டுட்டு, பசங்க இருந்த பாறையைப் பாத்து நடந்துச்சு.

சனம் சிரிச்சுது. "பசங்களுக்கு முகம் காட்டப் போவுது!"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க.

வேடியப்பன் தலைத்துண்டை அவுத்து வீசிக்கிட்டு, கோழி விரட்டுற மாதிரி, "போ சாமி, அந்தப் பக்கம் போ"ன்னு அது பக்கத்துலேயே போனான்.

மடியில கை வச்சேன். கடலை ஒண்ணு, கம்பு ஒண்ணு.

இவ்வளவு கிட்டத்துல கடலை நரியைத் தொளைச்சுக்கிட்டு வெளியே போகும். பாறையில பட்டா எகிறி எந்தப் புள்ளை மேல பாயும்னு ஆண்டவனுக்கே தெரியாது. கம்பு அப்படிப் போகாது. தூரத்துல தோலைக்கூடத் தாண்டாத ரவை, கிட்டத்துல ஒண்ணா போயி உள்ளேயே நின்னுடும். ஆனா வலது குழல்ல போட்டா கிட்டத்துலேயும் கொஞ்சம் விரியும், வேடியப்பன் கால் அதுல மாட்டும். விரியாம போகணும்னா சோக்குக் குழல்தான்.

பாய் மேல சுட்டுச் சுட்டு நான் கண்டுபுடிச்சது என்ன? நரிக்கு மொளகு, கம்பு ஆகவே ஆகாதுன்னு. அந்த நேரத்துக்கு ஆகாததுதான் ஆச்சு. கம்பை எடுத்து இடது குழல்ல போட்டு மூடினேன். எழுதுறப்போ இவ்வளவு நீளமா வருது, அப்போ கண்ணு இமைக்கிற நேரம்தான்.

கூட்டத்தை வுட்டுப் பாறைப் பக்கமா ஓடினேன், நரிக்குப் பின்னால மண் வரப்பு வர்ற மாதிரி. "மாப்ளே, ஒதுங்கு!"ன்னு கத்தினேன். அவன் ஒதுங்கலை. என்னைத் திரும்பிப் பாத்தான், அவ்வளவுதான். நரி தலையைத் தாழ்த்திக்கிட்டு என்னைப் பாத்து வந்துச்சு. இடது குழலுக்கான பின்விசையை இழுத்தேன்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஒரே ஓட்டை, உள்ளங்கை அளவுகூட இல்லை. அந்த எடத்துலேயே விழுந்துச்சு. வேற யார்மேலேயும் ஒரு ரவை படலை.

இத்தனை வருசத்துல நான் சுட்டதுலேயே சரியான சுடு அதுதான். அன்னைக்கு ஊரு என்னைப் பாத்த பார்வையை மட்டும் என்னால தாங்க முடியலை. யாரும் அடிக்கலை, திட்டலை. ஊர்க்கவுண்டர் மண்ணுல உக்காந்துட்டார். ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூத்தினாங்க. தப்பட்டைக்காரங்க தப்பட்டையைக் கீழே வச்சுட்டாங்க.

மாதம்மாள் பூட்டின வண்டி

வேடியப்பன் என்கிட்ட வந்தான். கண்ணு செவந்திருந்துச்சு. "கையெடுத்துக் கும்புடற நேரத்துல சுட்டுட்டீங்களே மச்சான். இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காதீங்க"ன்னான்.

"மிதிக்கலை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வா."

"எதுக்கு? நல்லா இருந்த நரி கடிச்சதுக்கு எதுக்கு ஊசி?"

மாதம்மாள் கூட்டத்துலேருந்து வந்தா. அவளுக்கும் என்மேல கோவம்தான், முகத்துலேயே தெரிஞ்சுது. ஆனா அந்தப் பாட்டுக்கார வண்டிக்காரர் செத்தப்போ அவ சின்னப்பொண்ணு. எங்க வூட்டுக்குப் பக்கத்து வூடு அவரோடது. அந்தச் சத்தத்தை அவளும் கேட்டவ. நேரா போயி மாட்டைப் புடிச்சா, வண்டியில பூட்டினா, ஏறி உக்காந்து மூக்கணாங்கயித்தைக் கையில எடுத்தா.

"எங்கடி கெளம்பிட்ட?"ன்னான் அவன்.

"தருமபுரிக்கு. நீங்க வரலைன்னா போங்க. உங்களுக்குப் போடற ஊசியை எனக்குப் போடச் சொல்லறேன். ஒருத்தருக்காவது போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

சனம் பூராவும் பாத்துக்கிட்டு இருக்குது. பொண்டாட்டி தனியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போனா அவனுக்கு மானக்கேடு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிட்டான். நான் பின்னாலேயே நடந்தேன். வண்டியில ஏறச் சொல்லி ரெண்டு பேரும் கூப்பிடலை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கடியைப் பாத்தார், நரி எப்படி இருந்துச்சுன்னு விசாரிச்சார். "தலையைக் கொண்டு வந்தீங்களா?"ன்னார்.

"என்ன தலைங்க?"ன்னேன்.

"நரித் தலைங்க. மூளையைப் பரிசோதனைக்கு அனுப்பினா வெறியா இல்லையான்னு நிச்சயமா சொல்லிடலாம்."

நான் வந்த வழியே ஊருக்குத் திரும்பினேன். கால் ரெண்டும் கொப்பளிச்சுப் போயி நான் போய்ச் சேர்ந்தப்போ, களத்து மேட்டுல சாம்பல்தான் இருந்துச்சு. சாமிக்கு வந்த நரி சாமியா செத்துருச்சுன்னு, மாலை போட்டு, பால் தெளிச்சு, மனுசனுக்குப் பண்ற மாதிரி பண்ணி எரிச்சுட்டாங்க. தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தா எல்லாம் வெளங்கியிருக்கும். அது யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாதே. நான் அந்தச் சாம்பல் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். அழக்கூடத் தெம்பு இல்லை.

டாக்டர்கிட்ட போயிச் சொன்னேன். "தலை இல்லைன்னா வெறின்னே வச்சுக்கிட்டு ஊசி போடறதுதான் புத்தி"ன்னார். வயித்தைச் சுத்தி, தினம் ஊசி. சத்திரத்துல தங்கி, மாதம்மாள் சோறாக்கிப் போட்டா. ஒவ்வொரு ஊசிக்கும் வேடியப்பன் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி பூராவும் கேட்டுச்சு. திட்டினது டாக்டரை இல்லை, என்னை.

மழை

அந்த வருசமும் மழை பேயலை.

யார் என்ன சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் விடியக்காலையில என் வாசல்ல ஒரு ஆளும் நிக்கலை. பன்னி உழுதாலும் நரி தூக்கினாலும் கூப்பிடலை. நிம்மதியா தூங்கலாம்னு எத்தனையோ வருசமா ஏங்கினவன்தான் நான். தூக்கம் வரணுமே. கெணத்தடிக்குப் போனா பேச்சு நின்னுபோகும். ஊர்க்கவுண்டர் மட்டும், சாகறதுக்குக் கொஞ்சம் முன்னால, வழியில என்னைப் பாத்து, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டார். அதுவே பெரிசா இருந்துச்சு.

எனக்கே சில நாள் சந்தேகம் வரும், மறைக்க என்ன இருக்குது? அடிபட்ட நரியா இருந்திருக்கலாம். கெழட்டு நரியா இருந்திருக்கலாம். வெறின்னு நான் நிரூபிக்கிறதுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு, வேடியப்பன் ஊசி போட்டுக்காம இருந்திருக்கணும். அவன் தண்ணியைக் கண்டு கத்திச் செத்திருந்தா, ஊரே என் வூட்டுக்கு வந்து, "நீங்க சொன்னதுதாங்க சரி"ன்னு சொல்லியிருக்கும். என் தங்கச்சி அந்த மரியாதையைக் கண்குளிரப் பாத்துக்கிட்டு மூலையில உக்காந்திருப்பா.

அவன் சாகலை. கல்லு மாதிரி இருந்தான். புள்ளைங்களைக் கட்டிக்குடுத்தான், பேரன் பேத்தி எடுத்தான். வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொன்னவன், சில வருசம் போனதும் அவனே பொங்கலுக்குக் கூப்பிட ஆரம்பிச்சான். மன்னிச்சுட்டான் போலிருக்குன்னு நெனைச்சேன். கூப்பிட்டது அந்தக் கதையைச் சொல்றதுக்கு. ஒவ்வொரு பொங்கலுக்கும் சட்டையைத் தூக்கி ஊசி போட்ட வயித்தைக் காட்டி, எதிர்ல என்னை உக்காரவச்சுக்கிட்டே சொல்லுவான். நானும் ஒவ்வொரு வருசமும் வெறிக்கு என்னென்ன அடையாளம்னு சொல்லி மல்லுக்கு நிப்பேன்.

கடைசியா அவன் வூட்டுல நான் சாப்பிட்ட பொங்கலன்னைக்கும் அதேதான். பேரப்புள்ளைங்க சுத்தி உக்காந்திருக்குது. மாதம்மாள் எலை போட்டுக்கிட்டு இருக்கா. இவன் சட்டையைத் தூக்கிட்டான்.

"நல்லா இருந்த நரிடா. உங்க பெரியவரு எடுத்த எடுப்புல சுட்டுட்டாரு. வெறி நரின்னா என்னைக் கடிச்சதுக்கு நான் இந்நேரம் இருப்பனா? நீங்களே சொல்லுங்க மச்சான், இருப்பனா?"

புள்ளைங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. மாதம்மாளும் கையில இருந்த எலையோட அப்படியே நின்னா. ஊசி போட்டதாலதான் நீ இருக்கேன்னு சொல்லலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. எனக்கு ரொம்ப அலுப்பா இருந்துச்சு.

"நல்ல நரிதான் மாப்ளே. நான்தான் அவசரப்பட்டுட்டேன்"ன்னேன்.

"கேட்டீங்களாடா! அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டார் பாருங்க!"ன்னு தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிச்சான். எழுவது தாண்டியும் பல்லு ஒண்ணுகூட விழலை அவனுக்கு.